மழை கழுவிவிட்ட வானத்தை நம்பாதீங்க

நேத்து ராத்திரி மூணு தடவை டெலஸ்கோப்பை வெளிய தூக்கிட்டுப் போயி மூணு தடவையும் உள்ள தூக்கிட்டு வந்தேன். முதல் தடவை மேகம், ரெண்டாவது தடவை தூறல், மூணாவது தடவை வானம் திறந்து நிலா பளிச்சுன்னு நிக்குது, சரி இன்னிக்கு நம்ம நேரம்தான்னு ஐபீஸை மாட்டி கண்ணை வச்சா உள்ள நிலா கொதிக்குது. நிஜமாவே கொதிக்குதுங்க, ஓடுற தண்ணிக்கு அடியில ஒரு காசு கிடந்தா எப்படி நெளியும், அந்த மாதிரி. உள்ள வந்ததும் "என்ன தெரிஞ்சுது"ன்னு வீட்டுல கேட்டாங்க, "காத்து தெரிஞ்சுது"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். பொய் இல்ல, அதுதான் தெரிஞ்சுது.

என்கிட்ட இருக்கிறது ஆறு இன்ச் மிரர் வச்ச ஒரு டாப்ஸோனியன். மரப்பெட்டி மேல ஒரு நீளக் குழாய், அவ்வளவுதான், மோட்டார் எல்லாம் கிடையாது, கையால தள்ளித் தள்ளித்தான் கோளைத் துரத்தணும். 2017-ல வாங்குனது. கொல்லைப்புறத்துல ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மரம், நடுவுல எவ்வளவு வானம் தெரியுதோ அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். வாங்குன புதுசுல எனக்கு இருந்த ஒரே எதிரி மேகம். மேகம் இருந்தா படுத்துக்கலாம், இல்லைன்னா பார்க்கலாம், இதுக்கு மேல இதுல என்ன இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த நினைப்பு போறதுக்கு ரெண்டு வருஷமும், பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கிற ஒரு நோட்டும் தேவைப்பட்டுச்சு.

முதல் வருஷத்துல ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் செம மழை. அப்புறம் காத்து அடிச்சு மேகத்தையெல்லாம் தள்ளிட்டுப் போயிடுச்சு, தூசி அடங்கி வானம் கழுவிவிட்ட மாதிரி கன்னங்கரேல்னு, நட்சத்திரம் எல்லாம் மினுக் மினுக்னு கண்ணடிச்சுக்கிட்டு இருக்கு. இதைவிட நல்ல ராத்திரி வருமான்னு ஓடிப்போயி சனியைப் பிடிச்சேன். அப்ப வளையம் நல்லா விரிஞ்சிருந்த காலம், 2017-ல தான் அதோட முழுச் சாய்வு, 27 டிகிரி கிட்ட. ஆறு மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டா என் குழாய்க்கு 200 மடங்கு வரும், அதைப் போட்டேன். வளையம் இருக்கு, இல்லேன்னு சொல்லல, ஆனா ஓரம் ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது, மஞ்சளா ஒரு வஸ்து நடுங்கிக்கிட்டு இருக்கு, வளையத்துக்குள்ள கறுப்புக் கோடா தெரிய வேண்டிய கேசினி இடைவெளி சுத்தமா காணோம். எனக்கு ஒரே சந்தேகம், மிரர் ஆடிப்போச்சு போலன்னு. ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிச்சேன் பாருங்க, அன்னிக்கு அதுவரைக்கும் கெடாம இருந்த ஒரே விஷயம் அந்த கொலிமேஷன்தான் (மிரரெல்லாம் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்கிற அமைப்பு), அதையும் நானே கெடுத்தேன். திரும்ப சரி பண்ண ஒரு வாரம் ஆச்சு.

இதுக்கு நேரெதிரா இன்னொரு ராத்திரி. நாளெல்லாம் புழுக்கம், ஒரு இலை ஆடல, வானம் பால் கலந்த மாதிரி மங்கலா இருக்கு, தலைக்கு மேல எண்ணிப்பார்த்தா மொத்தமே பத்துப் பன்னெண்டு நட்சத்திரம்தான் தேறும். வெளிய போகவே தோணல. நாலு நாளா குழாயைத் தொடலையேன்னு ஒரு குற்ற உணர்ச்சி, அதனால மட்டும்தான் தூக்கிட்டுப் போனேன். வியாழன் மேல வச்சேன். வச்சதும் முதல்ல நினைச்சது, யாரோ குழாய்க்குள்ள ஒரு படத்தை ஒட்டி வச்சிருக்காங்கன்னுதான். அசைவே இல்ல. ரெண்டு பழுப்புப் பட்டைதான் வழக்கமா தெரியும், அன்னிக்கு அந்தப் பட்டையோட ஓரம் நேரா இல்லாம பிசிறு பிசிறா, அங்கங்க சுருண்டு, நடுவுல சாம்பல் நிறத்துல நூல் நூலா தொங்குது. அப்புறம்தான் கவனிச்சேன், மேல் பட்டைக்கிட்ட பேனாமுனையால ஒரு புள்ளி வச்ச மாதிரி, கன்னங்கரேல்னு, உருண்டையா. ஐபீஸ்ல தூசின்னு நினைச்சு ஐபீஸைச் சுத்திப் பார்த்தேன், புள்ளி சுத்தல. இருபது நிமிஷம் கழிச்சுப் பார்த்தா நகர்ந்திருக்கு. அது வியாழனைச் சுத்துற ஐயோ (Io)ங்கிற நிலவோட நிழல். நம்ம நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெருசா இருக்கிற ஒரு நிலா, வியாழனோட மேக மண்டலத்து மேல நிழல் போட்டுக்கிட்டுப் போகுது, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்குப் போக ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அதை நான் இங்க கொசுக்கடியில உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த நிழலோட அகலம் நம்ம கண்ணுக்கு ஒரு ஆர்க் செகண்ட் வாக்குல வரும் (ஒரு டிகிரியை 3600 பங்கா வெட்டினா அதுல ஒரு பங்கு, தமிழ்ல விகலைன்னு அழகான பேர் இருக்கு, யாரும் சொல்றதில்ல). முழு நிலாவோட அகலம் 1800 விகலைன்னா இது எவ்வளவு சின்னதுன்னு பார்த்துக்கோங்க. மழை கழுவிவிட்ட அன்னிக்கு இதே நிழல் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, கலங்கிப்போயிருக்கும்.

அதுக்கப்புறம்தான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "சூப்பர் வானம்"னு நான் எழுதி வச்ச நாள்ல எல்லாம் கோள் மோசம், "மங்கல், வேஸ்ட்"னு எழுத ஆரம்பிச்சு அடிச்சுட்டு கீழ ஒரு பக்கம் வரைஞ்ச நாள்ல எல்லாம் கோள் அருமை. எல்லா நாளும் அப்படி இல்ல, ஆனா கண்ணுல படுற அளவுக்கு இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, வானம் தெளிவா இருக்கிறது வேற, காத்து அசையாம இருக்கிறது வேற. தூசியும் ஈரமும் குறைஞ்சா வெளிச்சம் தடையில்லாம வரும், அது மங்கலான கேலக்ஸி பார்க்கிறவங்களுக்கு வேணும். நமக்குக் கோள், நிலா, ரெண்டும் ஏற்கனவே வேண்டிய வெளிச்சத்தோடதான் இருக்கு, கொஞ்சம் குறைஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. நமக்கு வேணுங்கிறது காத்து அடுக்கடுக்கா சண்டை போடாம இருக்கணும். சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் வெளிச்சத்தை வேற வேற அளவுல வளைக்கும், அது ரெண்டும் கலக்குற இடத்துல வெளிச்சம் தாறுமாறாப் போகும், நாம பார்க்கிற நடுக்கம் அதுதான். மழையைத் தள்ளிட்டுப் போன அதே காத்துதான் மேல கலக்கிக்கிட்டும் இருக்கு. பத்து கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்ங்கிற அசுர வேகக் காத்து தலைக்கு நேரா ஓடுச்சுன்னா கீழ ஒரு இலைகூட ஆடாது, ஆனா ஐபீஸ்ல ஆறு ஓடும். இந்த அமைதியைத்தான் சீயிங்னு சொல்றாங்க. என் ஆறு இன்ச்சுக்கு கணக்குப்படி 0.8 விகலை வரைக்கும் பிரிச்சுக் காட்டுற தெம்பு இருக்கு, ஆனா சாதாரண ராத்திரில காத்தே ரெண்டு மூணு விகலைக்கு எல்லாத்தையும் தேய்ச்சு விட்டுரும். அப்புறம் பத்து இன்ச் வாங்கலாமா பன்னெண்டு இன்ச் வாங்கலாமான்னு யோசிச்சு என்ன பிரயோஜனம். (யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், அது வேற கதை.)

இப்பல்லாம் குழாயைத் தூக்குறதுக்கு முன்னாடி சும்மா வெளிய போயி ஒரு நிமிஷம் நிப்பேன். நட்சத்திரம் ரொம்ப மின்னுதுன்னா, ஆஹா என்ன அழகுன்னு பார்த்துட்டு உள்ள வந்துருவேன். கோள் மின்னாது, நட்சத்திரம்தான் மின்னும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், கோளுக்கு ஒரு வட்டம் இருக்கிறதால அந்த நடுக்கம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்னு. அந்த வியாழனே மின்னுச்சுன்னா அன்னிக்கு நல்லா தூங்கலாம். நோட்டுல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் போடுறேன், ஆன்டோனியாடி அளவுகோல்னு பேரு, ஒண்ணுன்னா அசையாத ஓவியம், அஞ்சுன்னா வரையக்கூட முடியாது. இத்தனை வருஷத்துல நான் ஒண்ணு போட்டது நாலே நாலு தடவை.

ஆனா எல்லாப் பழியையும் மேல போட முடியாது, பாதிக் குத்தம் கீழ இருக்கு. நான் ரொம்ப நாளா சிமெண்ட் தரையில, சுவர் ஓரமா வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன், பகலெல்லாம் வெயிலைக் குடிச்ச தரை ராத்திரி பத்து மணி வரைக்கும் அதைத் திருப்பி விட்டுக்கிட்டே இருக்கும். அதைவிடக் கொடுமை, பக்கத்து வீட்டு ஏசியோட அவுட்டோர் யூனிட் சரியா நான் சனியைப் பார்க்கிற திசையில சுவருக்கு அந்தப் பக்கம் ஊதிக்கிட்டிருந்திருக்கு. ஒரு வருஷம் இது தெரியாம ஜெட் ஸ்ட்ரீமைத் திட்டியிருக்கேன். அப்புறம் மிரர். வீட்டுக்குள்ள சூடா இருந்த கண்ணாடி, வெளிய வந்ததும் அது மேலயே ஒரு சூட்டுக் காத்து படலம் நிக்கும், ஆறு இன்ச்சுக்கே முக்கால் மணி நேரம் வெளிய கிடந்தாத்தான் அடங்கும். எது எந்த நடுக்கம்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை வச்சு ஃபோகஸை வெளிய தள்ளுங்க, அது ஒரு தட்டு மாதிரி விரியும், அந்தத் தட்டுக்குள்ள வேகமா ஒரே திசையில அலை அலையா ஓடுச்சுன்னா அது உயரத்துக் காத்து, ஒண்ணும் பண்ண முடியாது. மெதுவா, சாம்பிராணிப் புகை மாதிரி சுருண்டு சுருண்டு ஏறுச்சுன்னா அது உங்க குழாய்க்குள்ளயே இருக்கிற சூடு, பொறுத்திருந்தா போயிடும். இப்ப நான் புல்லு இருக்கிற மூலைக்கு மாறிட்டேன், தரையும் சுவரும் சூட்டையெல்லாம் விட்டு முடிச்சதுக்கப்புறம், அதாவது விடியக்காலையில பார்க்கிறது இன்னும் நல்லது, ஆனா அதுக்கு நான் எந்திரிக்கணுமே.

பனியைப் பத்தி ஒரு வார்த்தை. காத்து அசையாத ராத்திரிதான் கோளுக்கு நல்லதுன்னு சொன்னேன் இல்ல, அதே ராத்திரிதான் பனிக்கும் நல்லது. குழாய் திறந்த வானத்தைப் பார்த்து தன் சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும், அதனால சுத்தி இருக்கிற காத்தைவிடக் குளிர்ந்து போகும், அது மேல ஈரம் வந்து உட்காரும். என் குழாய்ல அடியில இருக்கிற பெரிய மிரர் தப்பிச்சுக்கும், மேல இருக்கிற சின்ன மிரரும் ஐபீஸும்தான் மாட்டும். ஒரு தடவை வியாழன் கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வருது, மேகம் வருதுபோலன்னு நிமிர்ந்து பார்த்தா மேல பளபளன்னு நிக்குது. உள்ள டார்ச் அடிச்சா சின்ன மிரர் முழுக்க ஆவி. அவசரத்துல பனியனை வச்சுத் துடைச்சேன். துடைக்கக் கூடாது, எந்தக் காலத்துலயும் துடைக்கக் கூடாது, அந்தக் கோடு இன்னிக்கும் இருக்கு. இப்ப பழைய யோகா மேட்டைச் சுருட்டி குழாய் வாயில நீட்டி விட்டிருக்கேன், கண்ணாடி பார்க்கிற வானம் குறையும், பனியும் குறையும். பார்க்க அசிங்கமா இருக்கும், வேலை செய்யும்.

நிலாவுக்கு வருவோம். எனக்கு மேகத்து மேல இருந்த கோவம் போனதே நிலாவாலதான். வளர்பிறை ஒம்பதாம் நாள் வாக்குல ஒரு ராத்திரி, மேகம் துண்டு துண்டா ஓடுது, அஞ்சு நிமிஷம் தெரியும் பத்து நிமிஷம் மூடும். கோப்பர்நிக்கஸ் பள்ளத்துல அப்பத்தான் விடியுது, 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம், உள்ள முழுக்க மைக்கறுப்பு, அந்தப் பக்கத்துக் கரை மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி. அதுக்குள்ள ஒரு பெரிய மேகம் வந்து நாப்பது நிமிஷம் மூடிடுச்சு. உள்ள போயிரலாமா வேண்டாமான்னு ஸ்டூல்லயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி திறந்தப்ப பள்ளத்துக்கு நடுவுல, அந்த இருட்டுக்குள்ள, ஒத்தை வெளிச்சப்புள்ளி. முன்ன இல்ல, சத்தியமா இல்ல. நடுவுல இருக்கிற மலை உச்சியில வெயில் பட்டிருக்கு. நிலாவோட நடுக்கோட்டுல பகல்-இரவு எல்லை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துலதான் நகரும், சைக்கிள் மிதிக்கிற வேகம், தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தா அந்த மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது. மேகம் வந்து மறைச்சு மறைச்சு விட்டதாலதான் எனக்கு அது பளீர்னு தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்தப் புள்ளி மூணாகிறதைப் பார்த்துட்டுத்தான் படுத்தேன்.

பௌர்ணமி அன்னிக்கு நிலா பார்க்க வர்றேன்னு சொல்ற சொந்தக்காரங்களுக்கு நான் படாதபாடு பட்டு விளக்குறது இதைத்தான், பௌர்ணமில நிழலே இல்ல, நிழல் இல்லாம பள்ளமும் இல்ல மலையும் இல்ல, டியூப்லைட்டை உத்துப் பார்த்த மாதிரிதான் இருக்கும். வளர்பிறை அஷ்டமிக்கு வாங்கன்னு சொன்னா அஷ்டமில எப்படி வீட்டை விட்டுக் கிளம்புறதுன்னு கேக்குறாங்க. சரி, என்ன பண்ண.

மெல்லிசான மேகத்தையும் நான் இப்ப விரட்டுறதில்ல. வெள்ளிக் கோள் கண்ணைக் கூசுற கோள், இருட்டின வானத்துல அதோட பிறை வடிவம் ஒரே வெள்ளைத் தீவட்டியாத்தான் தெரியும், அது மேல ஒரு மெல்லிய மேகம் வந்தா அழகா கத்திரிச்ச மாதிரி பிறை வந்து நிக்கும். மேகம் இல்லைன்னா பொழுது முழுசா சாயறதுக்கு முன்னாடி பார்த்துரணும். அதே மாதிரி ரொம்ப உயரத்துல மெல்லிசா மேகம் பரவி நிலாவைச் சுத்திப் பெருசா வட்டம் கட்டுச்சுன்னா டெலஸ்கோப்பை மறந்துட்டு அண்ணாந்து பார்க்கலாம். நிலால இருந்து 22 டிகிரி தள்ளி அந்த வட்டம், கையை நீட்டி விரலை விரிச்சா சாணளவுக்குக் கிட்டத்தட்ட சரியா வரும், மேகத்துல இருக்கிற ஐஸ் துணுக்கு வளைச்சு விடுறது. அகல் வட்டம் பகல் மழைன்னு சும்மா சொல்லல, அந்த மாதிரி மேகம் பல சமயம் மழை மேகத்துக்கு முன்னாடி வர்ற கட்டியக்காரன். என் நோட்டுப்படி பாதி நாள் பலிச்சிருக்கு, பாதி நாள் இல்ல.

ஆனா ஒரு தடவை நம்ம வானம் சரியா இருந்தும் வானிலை கவுத்துச்சு. 2018 ஜூலை 27, செவ்வாய் சூரியனுக்கு நேரெதிர்ல, நாலு நாள் கழிச்சு நம்மகிட்ட இருந்து 5 கோடியே 76 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல, 2003-க்கு அப்புறம் அவ்வளவு கிட்ட வரவே இல்ல. அன்னிக்கே முழு சந்திர கிரகணம் வேற, 103 நிமிஷம் நிலா செங்கல் நிறத்துல, பக்கத்துலயே செவ்வாய். மேகம் இல்ல, சீயிங் ரெண்டு போட்டிருக்கேன் நோட்டுல. வச்சுப் பார்த்தா ஆரஞ்சு உருண்டை, அதுல ஒரு மண்ணும் இல்ல. அங்க புழுதிப்புயல்! மே கடைசியில ஆரம்பிச்சு ஜூன்ல கோள் முழுக்க மூடிடுச்சு, அங்க ஓடிக்கிட்டிருந்த நாசாவோட ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் ஜூன் 10-ம் தேதி கடைசியா பேசுனதோட சரி, வெயில் கிடைக்காம அடங்கிப்போச்சு. ஒரு வருஷமா காத்திருந்து, இங்க வானம் திறந்தா அங்க மூடியிருக்கு. யாரைத் திட்டுறது.

செவ்வாய்னதும் அந்தக் கால்வாய்க் கதை ஞாபகம் வந்துரும். 1877-ல ஸ்கியாபரெல்லின்னு ஒரு இத்தாலிய வானியலாளர் செவ்வாய் மேல கோடு கோடா பார்த்தாரு, அப்புறம் அமெரிக்காக்காரர் பெர்சிவல் லோவெல் அதையெல்லாம் யாரோ வெட்டுன கால்வாய்னே சொன்னாரு. 1909 செப்டம்பர்ல பாரிஸ் பக்கம் மியூடான்ல 83 சென்டிமீட்டர் டெலஸ்கோப்ல, காத்து அசையாத ஒரு ராத்திரியில ஆன்டோனியாடி பார்க்கிறாரு, நான் நம்பர் போடுற அளவுகோலுக்குச் சொந்தக்காரர் அவரேதான், கோடெல்லாம் உடைஞ்சு திட்டுத் திட்டா, ஒழுங்கில்லாத புள்ளியா போயிடுச்சு. நடுங்குற படத்துல அரைகுறையா தெரியிற புள்ளியை எல்லாம் கண்ணு சேர்த்து கோடு போட்டுக்குது. லோவெல்லைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன், ஏன்னா எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கு.

நிலாவுல ப்ளேட்டோன்னு ஒரு பள்ளம், 100 கிலோமீட்டர் அகலம், தரை எரிமலைக் குழம்பு ஓடி வழவழன்னு கறுப்பா இருக்கும், அதுல ரெண்டு மூணு கிலோமீட்டர் அளவுல சில குட்டிப் பள்ளம், வெயில் மேல ஏறினா வெள்ளைப் புள்ளியா தெரியும். நிலாவுல ஒரு விகலைங்கிறது ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அதனால இது என் குழாயோட எல்லை. மூணு நல்லா பார்த்திருக்கேன். போன மாசம் ஒரு மங்கல் ராத்திரி, சீயிங் ஒண்ணு, ஒரு ரெண்டு செகண்ட் எல்லாம் நின்னுச்சு, நாலாவது புள்ளி தெரிஞ்சுது. தெரிஞ்சுதா, இல்ல அது அங்க இருக்கும்னு படத்துல பார்த்து வச்சதால கண்ணு போட்டுக்கிச்சான்னு என்னால சொல்ல முடியல, அடுத்த நொடியே கலங்கிடுச்சு. நோட்டுல 4-னு எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கேன்.

அதே வெயில் அதே இடத்துல திரும்ப விழ 29 நாள் பன்னெண்டே முக்கால் மணி நேரம் ஆகும், அந்த அரை நாளால அடுத்த மாசம் அது நமக்குப் பகல்ல வந்துரும், அதனால அதே ராத்திரி நேரத்துக்கு வேணும்னா 59 நாள் காத்திருக்கணும். நான் எண்ணிப் பார்த்துட்டேன், இன்னும் 27 நாள் இருக்கு. அன்னிக்கு மட்டும் தயவுசெஞ்சு மழை வேண்டாம், மழை பெஞ்சு வானம் பளிச்சுன்னு ஆகவும் வேண்டாம்.